தியாகி வீட்டுத் தங்கமீன்கள்

அத்தியாயம் 6

மீன் செத்ததற்குத் துப்பறிய வேண்டும் என்று ஒருவர் தன் மாடிப்படி ஏறி வருவார் என்று சக்கரபாணி எதிர்பார்த்ததே இல்லை.

பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அவர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். சாட்சிகளின் தமிழை நீதிபதிக்குப் பிரெஞ்சிலும், நீதிபதியின் பிரெஞ்சைச் சாட்சிகளுக்குத் தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தவர். பொய்யை இரண்டு பாஷையில் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் மனிதனுக்கு நாக்கு வறளும் என்பது அவருக்கு அத்துபடியாகிவிட்டது. வேலையை விட்டதும் பெரிய மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துத் துப்பறியும் தொழிலை ஆரம்பித்தார். உதவிக்கு லூர்துசெல்வி. துறைமுகத்தில் படகோட்டியாக இருந்தவரின் மகள். டைப் அடிக்கத்தான் சேர்ந்தாள். அவள் வாய் டைப்ரைட்டரைவிட வேகம் என்பது வந்த வாரமே தெரிந்துபோயிற்று.

அன்றைக்குப் படியேறி வந்தவர் கிருஷ்ணசாமி. ஊரில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. பிரெஞ்சுக்காரர் இருந்தவரை ஒயின் வியாபாரி; கோட்டும் தொப்பியுமாக இருப்பார். இப்போது கதர். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று நடந்த இணைப்புப் போராட்டத்தின்போது தலைமறைவாக இருந்த பையன்களுக்கு ரகசியமாக இடம் கொடுத்தவர் என்று பெயர். வருகிற சுதந்திர தினத்தன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தி, அவர் குடியிருக்கும் தெருவுக்கே அவர் பெயரை வைக்கப்போவதாக மார்க்கெட் முழுக்கப் பேச்சு.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் மடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு தங்கமீன். வால் மஸ்லின் துணி மாதிரி மெலிசு. செத்து விறைத்திருந்தது.

பொட்டலத்தை எட்டிப் பார்த்த செல்வி, குழம்புக்குப் பத்தாது என்றாள். கிருஷ்ணசாமி முறைத்த முறைப்பில் டைப்ரைட்டருக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டாள்.

அவர் சொன்ன கதை இது. ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சு என்ஜினீயர் கப்பல் ஏறுமுன் தன் கண்ணாடித் தொட்டியை மீன்களோடு இவருக்கு விட்டுப் போனான். இவருக்குப் பிள்ளை இல்லை. மீன்களுக்குத் தானே கொசுப்புழு பிடித்துப் போடுவார், தானே தண்ணீர் மாற்றுவார், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். கொஞ்ச காலமாக ஒன்று மாற்றி ஒன்றாகச் சாகின்றன. முதலில் நோய் என்றுதான் நினைத்தார். தெரிந்தவர்களிடம் கேட்டு, தீனியைக் குறைத்தார். கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தெளியவைத்து, பழைய தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு மாற்றினார். துவண்டுபோனவற்றைத் தனியே ஒரு எனாமல் பேசினில் விட்டு லேசாக உப்புப் போட்டார். பேசினில் விட்டவை தேறிவிட்டன. தேறியதும் சந்தோஷமாகத் தொட்டியில் கொண்டுபோய் விட்டார். திரும்பவும் செத்தன.

சாகும்போது எப்படி இருக்கின்றன என்று சக்கரபாணி கேட்டார்.

"பம்பரம் மாதிரி சுத்துது முசியே. எங்க போறோம்னு தெரியாம சுத்திச் சுத்தி, அப்பிடியே மல்லாந்துடுது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் பண்ண முடியல" என்றார் கிருஷ்ணசாமி. அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

யாரோ விஷம் வைக்கிறார்கள் என்பது அவர் முடிவு. பழைய பிரெஞ்சுக் கட்சிக்காரர்கள் தன்மேல் கறுவிக்கொண்டு திரிகிறார்கள், அவர்களில் எவனோ வீட்டு ஆளை வளைத்துப் போட்டிருக்கிறான் என்றார். ஆளைக் காட்டினால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னபோது அவர் விரல்கள் அந்த இலைப் பொட்டலத்தைக் கசக்கின. வீட்டில் இருப்பது மனைவி கமலாவும், தை மாதத்தில் வேலைக்குச் சேர்ந்த சமையல்காரி அஞ்சலாட்சியும்தான். விஷயம் இருவருக்கும் தெரியக் கூடாது, மெட்ராஸிலிருந்து வந்த மீன் வைத்தியர்கள் என்று சொல்லிக்கொண்டு வாருங்கள் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் செல்வி கவலைப்பட்டாள். "வைத்தியருன்னா நாடி பாக்கணுமே சார். மீனுக்குக் கைய எங்க தேடுறது?"

மறுநாள் காலையில் இருவரும் போனார்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, மாடி வைத்த பெரிய வீடு. தொட்டி கூடத்தில் இருந்தது. இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடி, அடியில் வெள்ளை மணல், பாசிக்கொடி. பக்கத்திலேயே கிருஷ்ணசாமியின் சாய்வு நாற்காலியும் ஒரு சின்ன மேசையும். மிச்சமிருந்த மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

சக்கரபாணி தொட்டியைச் சுற்றிவந்தார். மீனைப் பார்க்காமல் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிப் பக்கத்து மூலையில், இரும்புச் சட்டத்தின்மேல் எறும்புகள் சாரி வைத்து ஏறிக்கொண்டிருந்தன.

"எறும்புக்கு என்னா வேலை இங்க?" என்று செல்வி மெதுவாகக் கேட்டாள். "மீன் புடிக்கவா ஏறுது?"

சக்கரபாணி விளிம்பைக் காட்டினார். ஏறிப்போன எறும்புகள் திரும்பி இறங்கவில்லை. விளிம்பில் பழுப்பாக எதுவோ வழிந்து காய்ந்திருந்தது. அதைச் சுற்றிலும் எறும்புகள் செத்துக் கிடந்தன. செல்வி குனிந்து முகர்ந்தாள். சுக்கு, திப்பிலி, பனங்கற்கண்டு.

கிருஷ்ணசாமிக்கு நாள்பட்ட இருமல். விளக்கு வைக்கும் நேரத்தில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு டம்ளர் கஷாயம் குடிப்பது வழக்கம். அஞ்சலாட்சி காய்ச்சுவாள், கமலா கொண்டுவந்து மேசையில் வைப்பாள், அவர் கை கால் கழுவிச் சாமி கும்பிட்டுவிட்டு வந்து குடிப்பார். கஷாயம் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று சக்கரபாணி பேச்சுவாக்கில் விசாரித்தார்.

"முந்தியெல்லாம் குடிச்சா வாயே ஒரு மாதிரி கைச்சிப்போயி, மயக்கமா வரும். இப்ப அதெல்லாம் இல்ல. கமலா என்னமோ பக்குவம் மாத்தியிருக்கா, தேன் மாதிரி எறங்குது" என்று அவர் பெருமையாகச் சொன்னார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து, மீன்களுக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்த சமயம்தான் என்றார். அதைச் சொல்லும்போதுகூட இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை.

மீன் வைத்தியருக்கு உப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செல்வி சமையலறைக்குப் போனாள். அஞ்சலாட்சி அம்மியடியில் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஒட்டிய கன்னம், கண் மட்டும் பெரிது. விழுப்புரத்துக்கு மேற்கே கரம்பு ஊர், கிணற்றைத் தவிரத் தண்ணீரைப் பார்த்ததில்லை என்று தன்னைப் பற்றிச் சொன்னாள். அந்த நேரம் கொல்லைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. அவள் திரும்பாமலே, "கச்சான் எறங்கிடுச்சி. அந்தக் கதவக் கொஞ்சம் சாத்தும்மா" என்றாள்.

தெருவுக்கு வந்ததும் செல்வி அதைச் சொன்னாள். மேற்கேயிருந்து அடிக்கும் ஆடிக் காற்றை வயல்காட்டுக்காரர்கள் மேலக்காத்து என்பார்கள். கச்சான் என்று சொல்வது கடல்புறத்து ஜனங்கள். அவளுடைய அப்பா படகுக்குப் புறப்படும்போது தினமும் சொல்லி அவள் கேட்ட வார்த்தை. எந்த ஊர்க் கிணற்றில் கச்சான் அடிக்கிறது என்று அவள் கேட்டாள்.

சக்கரபாணி நடந்துகொண்டே ஒரு பழைய வழக்கைச் சொன்னார். தேங்காய்த்திட்டுக் கழிமுகத்தில் சிலர் காக்காய்க்கொல்லி விதையை இடித்துப் போட்டு மீனை மயக்கிப் பிடித்து வழக்காகிவிட்டது. அந்த விதை விழுந்த தண்ணீரில் மீன் பம்பரமாகச் சுற்றி மல்லாந்துவிடும் என்று சாட்சிகள் சொன்னதை மொழிபெயர்த்தவர் அவர்தான். காக்காயைக் கொல்லும் விதை மீனை ஏன் கொல்கிறது என்று நீதிபதி கேட்டார். அதற்குத் தன்னிடம் எந்தப் பாஷையிலும் பதில் இருக்கவில்லை என்றார் சக்கரபாணி.

"அப்ப அந்தம்மா மீனுக்கு வெக்கல" என்றாள் செல்வி. இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை. "கஷாயத்துல வெக்குது. கஷாயம் தொட்டிக்குப் போவுது. வழியில யாரோ கைய மாத்துறாங்க."

"நாளைக்கு விளக்கு வெக்கிற நேரத்துல அந்தக் கையப் பாத்துடுவோம்" என்றார் சக்கரபாணி.

மறுநாள் அந்தி மயங்கும் நேரம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லிக் கிருஷ்ணசாமியைச் சக்கரபாணி மேலே அழைத்துக்கொண்டு போனார். செல்வி கூடத்தை ஒட்டிய அறைக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

கமலா வந்தாள். நாற்பது வயது, நிமிர்ந்த நடை. மூடிய டம்ளரை மேசையில் வைத்தாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவசரமே இல்லாமல் டம்ளரை எடுத்துத் தொட்டிக்குள் சாய்த்தாள். அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து, அதிலிருந்த கஷாயத்தை அதே டம்ளரில் ஊற்றி மூடினாள். கண்ணாடிக்குள் பழுப்பு நிறம் புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். விளிம்பைத் துடைக்கக்கூட இல்லை.

செல்வி திரையை விலக்கினாள்.

"மீனுக்கு எத்தினி நாளா மதாம் இருமல்?"

கமலா திடுக்கிடவில்லை. செல்வியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள் வைத்தியர்கள் இல்லை என்பது நேற்றே தெரியும் என்றாள். விழாக் கமிட்டி ஆட்கள் சற்று நேரத்தில் வந்து அவரை அழைத்துப் போவார்கள், அதுவரை பொறுத்தால் எல்லாவற்றையும் சொல்வதாகவும் சொன்னாள். அப்படியே நடந்தது. கிருஷ்ணசாமி கீழே வந்து கஷாயத்தைக் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, கமிட்டிக்காரர்களோடு காரில் ஏறிப் போனார்.

சக்கரபாணி கூடத்திலேயே விசாரித்தார். புருஷனுக்கு விஷம் வருகிறது என்று தெரிந்திருந்தும் அந்தப் பொம்பளையைப் போலீசில் கொடுக்காமல், வேலையைவிட்டு நிறுத்தாமல், தினமும் மீன் தொட்டியில் கொட்டுவானேன்? புருஷனைக் காப்பாற்றுகிறவள் ஏன் விஷம் வைப்பவளையும் காப்பாற்ற வேண்டும்?

கமலா கொல்லைப்பக்கம் போய் அஞ்சலாட்சியைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். கூடத்தில் அந்நியர்களைப் பார்த்ததும் அஞ்சலாட்சிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"இவங்க பலராமனோட அம்மா" என்றாள் கமலா.

பலராமனைச் சக்கரபாணிக்குத் தெரியும். வீராம்பட்டினத்துப் பையன். இணைப்பு வேண்டுமென்று சுவரில் எழுதியவன், கொடி ஏற்றியவன். பிரெஞ்சு ஆட்சியின் கடைசி வருஷத்தில் சிப்பாய்களும் அடியாட்களும் தேடியபோது தலைமறைவானான். ஒளிந்திருந்த இடத்திலேயே பிடித்து அடித்து, விடியும் முன்பு கடற்கரையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஊர் அவனுக்காக ஒருநாள் அழுதது. அவன் தாயின் பெயரை யாரும் கேட்டதில்லை. அதனால்தான் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தபோது அவள் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ஊரை மட்டும் மாற்றினாள்.

அஞ்சலாட்சி சொன்னாள். மகனுக்கு ஒளிய இடம் கொடுத்தது கிருஷ்ணசாமிதான். தேங்காய்த்திட்டில் அவருடைய பாட்டில் கிடங்கு. வெளியே பூட்டிச் சாவியை அவரே எடுத்துப் போவார். அவள் மகன் உயிர் பிரியும்போது அவள் மடியில் கிடந்தான். பேச முடியாமல் பேசினான்.

"பூட்ட ஒடைக்கலம்மா, சாவி போட்டுத் தொறந்தாங்கன்னான். அவ்ளோதான் சொன்னான். அதுக்கப்புறம் ரத்தந்தான் வந்துச்சி" என்றாள் அஞ்சலாட்சி. "ரெண்டு வருசம் அந்தச் சாவியயே நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன். அப்புறந்தான் இங்க வந்தேன். எம் புள்ள சுருண்டு செத்த மாதிரி இவரும் சாவணும்."

கமலா இவளை வந்த மாதமே கண்டுகொண்டுவிட்டாள். பலராமன் இந்த வீட்டில் கைநனைத்தவன். தாய்க்கும் அவனுக்கும் ஒரே கண்; அந்தக் கண்ணை அவளால் மறக்க முடியவில்லை. பிறகு ஒருநாள் கஷாயம் காய்ச்சிய சட்டியில் மிச்சத்தை நக்கிய பூனை கொல்லையில் சுற்றிச் சுற்றி விழுந்தது. அதைப் பார்த்து அஞ்சலாட்சி வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுததையும் கமலா பார்த்தாள். அன்று மாலையிலிருந்து அவள் கஷாயத்தை மாற்றினாள். குழாயடியும் சாக்கடையும் சமையலறையை ஒட்டி இருந்தன. அங்கே கொட்டினால் அஞ்சலாட்சிக்குத் தெரிந்துவிடும். கூடத்தில் கையெட்டும் தூரத்தில் இருந்தது தொட்டிதான்.

"அது மட்டுமில்ல" என்றாள் கமலா, சக்கரபாணியைப் பார்த்து. "பெத்த புள்ள மாதிரி வளக்குறாரே, அது கண்ணெதிர்ல துடிச்சிச் சாவுறத ஒக்காந்து பாக்கட்டும். இவங்க பாத்தாங்க இல்ல?"

அஞ்சலாட்சிக்கு அது காதில் விழவில்லை. இத்தனை நாளாகத் தான் ஊற்றிய விஷமெல்லாம் தண்ணீரில் போயிற்று என்பதே அவளுக்குப் புரிந்தது. கமலாவின் தோளைப் பிடித்து உலுக்கி, ஏன் தடுத்தாய், உன் தாலிக்காகவா என்று கேட்டாள்.

"தாலியா?" என்றாள் கமலா. "அன்னிக்குச் சாயந்திரம் கெடங்குச் சாவி ஆணியில இல்லக்கா. ராத்திரி வந்துதான் மாட்டினாரு. மாட்டும்போது பாட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்தாரு. விடிஞ்சி சேதி வந்துச்சி. மூணு வருசமா அந்தப் பாட்டு என் காதுல இருக்குது. சாவி பூட்டத் தொறந்திச்சின்னு நீங்க இப்பச் சொல்லித்தான் எனக்கு முழுசாத் தெரியும். ஆனா அவரு சாவக் கூடாது. இப்பச் செத்தார்னா கொடி போத்தி ஊர்வலம் வுடுவாங்க. தியாகின்னு தெருவுக்குப் பேரு வெப்பாங்க. ஒங்க புள்ள பேரு எங்க இருக்கும்?"

அஞ்சலாட்சியின் கை தளர்ந்தது.

"அவரு உசுரோட இருக்கணும்" என்றாள் கமலா. "இருந்து, ஊரே அவரக் காறித் துப்புறதப் பாக்கணும். அதுக்குத்தான் தினம் அவரு உசுரக் காப்பாத்தினேன்."

செல்வி ஒரு நாற்காலியை இழுத்து அஞ்சலாட்சியை உட்காரவைத்தாள்.

சக்கரபாணி அஞ்சலாட்சியிடம் கையை நீட்டினார். மிச்சமிருக்கும் விதையைக் கொடுத்தாலொழிய இந்த வீட்டுப் படியை இறங்கமாட்டேன் என்றார். நடந்தது கொலை முயற்சி, இனி ஒரு சொட்டு அந்த டம்ளரில் விழுந்தால் தானே கையோடு போலீசைக் கூட்டிவருவேன் என்றார். அவள் கமலாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு துணி மூட்டையை அவர் கையில் வைத்தாள். அவர் அதை அன்றைக்கே கடலுக்குள் நீளும் துறைமுகப் பாலத்தின் முனையில் நின்று தண்ணீரில் எறிந்தார்.

கமிட்டியிலிருந்து திரும்பிய கிருஷ்ணசாமியிடம், ஆளைக் கண்டுபிடித்தாகிவிட்டது, மீன்களை உடனே வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள், இனிமேல் ஒன்றும் சாகாது என்று மட்டும் சொன்னார். ஆள் யார் என்று அவர் துடித்தார். விழா மேடையில் நாலு பேர் நடுவில் சொல்வதாகச் சக்கரபாணி சொன்னதும், அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தேசத்துரோகிகள் இன்னும் தன்னை விடவில்லை என்பதை ஜனங்கள் நேரில் கேட்டால் எப்படி இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டது தெரிந்தது. மேடையில் சக்கரபாணிக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லி அவரே உத்தரவு போட்டார்.

"பொய் சொல்லிட்டீங்களே சார்" என்றாள் செல்வி, வெளியே வந்ததும்.

"ஒரு வார்த்தை பொய் இல்ல."

"ஆமா. மொழிபெயர்த்தீங்க."

சுதந்திர தினத்தன்று மாலை தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி, தோரணம், தெருமுனையில் துணி மூடிய பெயர்ப்பலகை. கிருஷ்ணசாமி மேடையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கமலா, பட்டுப்புடவையில். செல்வி பந்தல் காலோரமாக அஞ்சலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏற்புரையில் கிருஷ்ணசாமி பலராமனைப் பற்றிப் பேசினார். அந்தத் தம்பியைத் தன் கிடங்கில் வைத்துச் சோறு போட்டதையும், எவனோ ஒரு துரோகி காட்டிக்கொடுத்துவிட்டதையும் சொல்லிக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். அந்தத் துரோகக் கூட்டம் இன்றும் தன் வீட்டுக்குள் கைவைக்கிறது, வாயில்லா ஜீவன்களைக்கூட விஷம் வைத்துக் கொல்கிறது, அது யாரென்று முசியே சக்கரபாணி இப்போது சொல்வார் என்று முடித்தார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சக்கரபாணி மைக்குக்கு முன்னால் வந்தார். விஷயத்தை நேரில் அறிந்தவர் சொல்வதே முறை என்றார். கமலாவைப் பார்த்துக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கமலா எழுந்தாள்.

"எங்க வீட்டு மீனைக் கொன்னது நான்தான்" என்றாள்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கிருஷ்ணசாமியும் என்னவோ வேடிக்கை என்பதுபோலச் சிரிக்கப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. பலராமனைப் பிடித்துப்போன அன்று மாலையில் கிடங்குச் சாவி ஆணியில் இல்லாததையும், ராத்திரி புருஷன் அதைக் கொண்டுவந்து மாட்டியதையும், மாட்டும்போது முணுமுணுத்த பாட்டையும் சொன்னாள். குரல் உயரவில்லை. சொல்லச் சொல்லப் பந்தல் அமைதியாகிக்கொண்டே வந்தது. முடித்துவிட்டு, அவன் தாய் இங்கே இருக்கிறாள், மீதியை அவள் சொல்வாள் என்றாள்.

அஞ்சலாட்சி மேடையேறினாள். மைக் அவள் உயரத்துக்கு இல்லை. செல்வி போய் அதை இறக்கிவைத்தாள்.

"நான் பலராமனோட அம்மா. பேரு அஞ்சலாட்சி. எம் புள்ளையத் தேடி வந்தவங்க பூட்ட ஒடைக்கல. சாவி போட்டுத் தொறந்தாங்க. அத எம் புள்ள சாவும்போது எங்கிட்ட சொன்னான்."

அவ்வளவுதான் அவள் பேசியது. முன்வரிசையில் இருந்த வீராம்பட்டினத்து ஆட்கள் முதலில் எழுந்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர் எழுந்துவந்து, கிருஷ்ணசாமியின் முகத்தைப் பார்க்காமல், தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். தெருமுனையில் இரண்டு பேர் துணி மூடிய பலகையை அப்படியே கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

கிருஷ்ணசாமி சக்கரபாணியின் கையைப் பிடித்தார். அவர் நாக்கு வறண்டிருந்தது. பொண்டாட்டி எதைப் போட்டு மீனைக் கொன்றாள், அவளைச் சும்மா விடமாட்டேன், கேஸ் போடுவேன் என்றார்.

சக்கரபாணி குனிந்து அவர் காதோரம் சொன்னார். "தொட்டியில வுழுந்தது ஒங்களுக்குன்னு காய்ச்சின கஷாயம். அந்தம்மா குறுக்க நிக்கலன்னா சுத்தி வுழுந்திருக்கிறது நீங்கதான். கேஸ் போடுங்க. எதுக்காக வெச்சாங்கன்னு கோர்ட்டுல கேப்பாங்க, அதையும் நீங்களே சொல்லிடுங்க."

கிருஷ்ணசாமியின் கை தானாக நழுவியது. காலி நாற்காலிகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்தபடியே இருந்தார். அந்தி சாய்ந்து பந்தல்காரன் வந்து கீற்றை அவிழ்க்கத் தொடங்கும்வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே கமலாவும் அஞ்சலாட்சியும் ஒரே ரிக்ஷாவில் ஏறி வீராம்பட்டினத்துக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் காலை, சக்கரபாணியும் செல்வியும் பெரிய மார்க்கெட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். மீன்கடை வரிசையில் கிருஷ்ணசாமி நின்றிருந்தார். கையில் பை. சமைக்க ஆளில்லை, ஓட்டலில் கொடுப்பதைச் சாப்பிடப் பயம், தானே பொங்கித் தின்கிறார் என்று ஏற்கெனவே பேச்சு வந்திருந்தது. முகம் சவரம் செய்யாமல் வெளுத்துக் கிடந்தது. வரிசையில் அவருக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது.

குஞ்சம்மாள் என்ற மீன்காரி முன்னால் இருந்தவளுக்கு நிறுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். ஈரச் சாக்கை எடுத்துக் கூடையின்மேல் போட்டு மூடினாள்.

"மீன் இல்ல" என்றாள்.

சாக்கின் ஓரத்தில் வால்கள் வெளியே தெரிந்தன. அவர் அடுத்த கடைக்குப் போனார். அங்கேயும் ஒரு சாக்கு விழுந்தது.